சுவரில் ஒரு மான்கொம்பு

வேட்டையில் கிடைத்த இறைச்சி அன்றே உண்டு தீர்ந்துபோகிறது. பகிர்ந்து உண்டவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்துபோகிறார்கள். கொம்பும் தோலும் பல்லும் மட்டும் தலைமுறை கடந்து நிற்கின்றன. உண்ணவும் உதவாத, உழைப்புக்கும் உதவாத அந்தப் பொருளை மனிதன் ஏன் இவ்வளவு பொத்திப் பாதுகாக்கிறான்? வெற்றியின் பெருமிதம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. பெருமிதம் மட்டுமே காரணமாயின், பெருமிதம் கொண்டவன் இறந்த அன்றே அந்தப் பொருளும் குப்பைமேட்டுக்குப் போயிருக்க வேண்டும். பேரனும் அதைத் துடைத்து மாட்டுகிறானே!

இக்கேள்வி என்னுள் எழுந்ததற்கு நான் வாழும் ஊரும் ஒரு காரணம். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணிக்கு மேற்கே சவ்வாது மலை நீண்டு கிடக்கிறது. அங்கே பிறக்கும் கமண்டல நாகநதி எங்கள் ஊரைத் தொட்டுச் செல்கிறது. ஆரணி ஜாகீர்தார்களின் அரண்மனை சத்திய விஜய நகரத்தில் இருந்தது. காட்டை ஒட்டிய பூசிமலைக்குப்பத்தில் அவர்கள் எழுப்பிய மாளிகை ஒன்றும் பாழடைந்து நிற்கிறது. அதைச் சுற்றி வழங்கும் கதைகளை நம்புவதானால் ஒரு புதினமே எழுதிவிடலாம். காடும் ஊரும் இவ்வளவு நெருங்கி வாழ்ந்த இடத்தில், பழைய ஓட்டு வீடுகளின் சுவரில் மான்கொம்பு தென்படுவதில் வியப்பில்லை. அதன் கிளைகளில் சட்டையும் குடையும் தொங்கும். கத்தோலிக்க வீடாயின் செபமாலையும் தொங்கும்.

வேட்டையைப் பற்றி எழுத ஒரு குருவுக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் வேட்டையாடுவதைத் தடை செய்தது. வேட்டை நாய்களையும் பறவைகளையும் வளர்க்கவும் கூடாது என்றது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், நாய்களும் ஆட்களுமாக ஆரவாரத்தோடு நடத்தும் வேட்டையைக் குருக்களுக்கு அடியோடு விலக்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த சட்ட நூலில், புனித எரோணிமுவின் பெயரால் ஒரு சுவையான கருத்து இடம்பெற்றுள்ளது. ஏசா வேட்டைக்காரன், ஏனெனில் அவன் பாவி. மறைநூலில் புனிதரான வேட்டைக்காரர் எவரையும் காணோம், புனிதரான மீனவர்களையோ காண்கிறோம் என்பது அதன் சாரம். மீன்களிடம் கருத்துக் கேட்டிருந்தால் அவை வேறு விதமாகச் சொல்லியிருக்கும்!

ஏசாவின் மேல் இத்தனை கடுமை எதற்கு என்று குருமாணவனாய் இருந்த நாளிலிருந்தே எனக்கு ஓர் ஐயம். தொடக்கநூலை மீண்டும் படித்துப் பாருங்கள். கண்பார்வை மங்கிய ஈசாக்கு தம் மூத்த மகனிடம் கேட்டது, வேட்டையாடிச் சமைத்த ஒரு வேளை உணவு. ஏசா வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனது தன் வீரத்தைக் காட்டுவதற்காகவா? தந்தையின் கையிலிருந்து ஆசி பெறுவதற்காகவன்றோ? அவன் திரும்பி வருமுன், வீட்டு மந்தையின் ஆட்டுக்குட்டிகளை ரெபேக்கா சமைத்துவிட்டார். அவற்றின் தோலை யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் சுற்றிவிட்டார். அங்கே ஒரு தோல் பொய் சொன்னது. வேட்டையாடாதவன் வேட்டைக்காரனின் ஆசியைப் பெற்றுக்கொண்டான். விலங்கின் தோல் எவருக்கு எதைச் சொல்லும் என்பது, அதைப் போர்த்தியிருப்பவரின் உண்மையைப் பொறுத்தது.

வெற்றிச் சின்னம் என்பதற்குக் கிரேக்கர் வழங்கிய சொல் திரோப்பாயோன். பகைவன் புறமுதுகிட்டுத் திரும்பிய இடத்தில் ஒரு மரத்தை நட்டு, அவன் விட்டுச் சென்ற கவசத்தையும் கேடயத்தையும் அதில் தொங்கவிடுவார்கள். ஆதித் திருச்சபை இச்சொல்லைத் தனக்கென எடுத்துக்கொண்ட விதம் வியப்பானது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் வாழ்ந்த காயுஸ் என்பவர், வத்திக்கானிலும் ஒஸ்தியா நெடுஞ்சாலையிலும் திருத்தூதர்களின் திரோப்பாயோன்களைக் காட்ட முடியும் என்று எழுதியதை வரலாற்றாசிரியர் யுசேபியு பதிவு செய்திருக்கிறார். அங்கே இருந்தவை கவசங்களல்ல. கொல்லப்பட்ட இருவரின் நினைவிடங்கள். 1940-களில் புனித பேதுரு பேராலயத்தின் அடியில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட சிறிய நினைவுச் சின்னத்தை இன்றும் அறிஞர்கள் காயுஸின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். ஆறாம் நூற்றாண்டுக் கவிஞர் வெனான்சியுஸ் போர்த்துனாத்துஸ் தம் திருப்பாடுகளின் பாடலில் சிலுவையையே வெற்றிச் சின்னம் என்று அழைத்தார். வென்றவன் கொண்டுவந்த பொருளுக்குரிய பெயர், உயிரைக் கொடுத்தவர் விட்டுச்சென்ற பொருளுக்கு வழங்கலாயிற்று.

எங்கள் மாவட்டத்து மண் இதை முன்பே அறிந்திருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. அவற்றுள் என் உள்ளத்தைத் தொட்டது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மன் காலத்தது. தொறு மீட்கும் சண்டையில் உயிர்விட்ட வீரனோடு, அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்து கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது. அதே காலத்தில் ஆண்ட எத்தனையோ சிற்றரசர்களின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

கொங்கு நாட்டுப் பக்கம் போனால் புலிக்குத்திக் கற்களைப் பார்க்கலாம். மந்தையைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு எடுத்த கல் அது. வீரன் ஈட்டியை ஓங்கி நிற்பான். புலி அவன்மேல் பாய்ந்துகொண்டிருக்கும். வேட்டைச் சின்னத்தையும் இந்தக் கல்லையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். மாளிகைச் சுவரில் விலங்கு இறந்து தொங்குகிறது; அதைக் கொன்றவர் அதன் கீழே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். புலிக்குத்திக் கல்லில் புலி என்றென்றும் உயிரோடு பாய்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு இணையாக மனிதனும் நிற்கிறான். கல்லை எடுத்தவன் அவனல்லன்; அவனால் பிழைத்த ஊர். நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து ஆகிய ஆறு நிலைகளில் ஒன்றைக்கூட இறந்தவன் தனக்குத்தானே செய்துகொள்ள இயலாது.

சங்கப் பாடல்கள் குழந்தைகளின் கழுத்தில் கிடந்த புலிப்பல் தாலியைப் பற்றிப் பேசுகின்றன. வேட்டைச் சின்னத்தின் மிகப் பழைய, மிக அழகிய வடிவம் இதுவாகவே இருக்கும் என்பது என் துணிபு. புலியின் வாயில் இருந்தபோது அச்சுறுத்திய பல், பிள்ளையின் மார்பில் கிடக்கும்போது அச்சத்தைப் போக்குகிறது. அது அப்பாவின் பெருமையைப் பறைசாற்றுவதைவிட, உன்னைச் சுற்றி நான் இருக்கிறேன் என்று பிள்ளைக்கு உறுதி கூறியிருக்கும்.

இனி, சின்னமே தொழிலாகிப்போன காலத்தையும் ஒரு நோக்கு நோக்குவோம். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் நடத்திய கூடத்தில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் புலிகளும் சிறுத்தைகளும் ஆயிரக்கணக்கில் பதப்படுத்தப்பட்டன. மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் சுட்ட விலங்குகள் அங்கே போய், கண்ணாடிக் கண்களோடும் உறுமும் வாயோடும் திரும்பி வந்தன. அவர்களுடைய கைத்திறனை அத்துறையினர் இன்றும் போற்றுகின்றனர். 1999-இல் அக்கூடம் மூடப்பட்டது. சகோதரர்களுள் கடைசியாக எஞ்சியிருந்தவர் நூறு வயதைக் கடந்து 2013-இல் மறைந்தார். அங்கே உருவான புலிகள் இன்று உலகெங்கும் ஏலக் கூடங்களில் வந்து நிற்கின்றன. யார் சுட்டார், எங்கே, யாரைக் காக்க என்ற கதைகள் உதிர்ந்துவிட்டன. எஞ்சியிருப்பது தோலும் விலையும்.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1926-இல் ஜிம் கார்பெட் சுட்ட ருத்திரப்பிரயாகைச் சிறுத்தை, எட்டு ஆண்டுகளில் 125-க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றது. அதன் உடலைக் காண ஊர்மக்கள் திரண்டு வந்தனர். கார்பெட்டோ அதை ஒரு முதிய விலங்காகவே பார்த்து இரங்கி எழுதியிருக்கிறார். இருளுக்குப் பின் கதவைத் திறக்க அஞ்சிய மக்கள் அன்றிரவு வெளியே வர முடிந்ததே, அதுதான் அங்கே வேட்டையின் சின்னம். அதைச் சுவரில் மாட்ட இயலாது.

வேட்டைக்காரர்களைப் பற்றி மேட்டிமையோடு பேசுவது பட்டு ஊர்க்காரர்களாகிய நமக்கு அழகன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டுக்கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இழை இருக்கிறது. அந்த இழை அறாமல் கிடைக்க வேண்டுமென்றால், புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியேறுமுன், உள்ளே இருக்கும்போதே வெப்பத்தால் கொன்றாக வேண்டும். ஒரு சேலைக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும். மணமகள் அதை உடுத்தித் திருப்பலிப் பீடத்தின் முன் நிற்கிறாள், நான் மந்திரிக்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே சேலை, மடிப்பில் நைந்து, பெட்டியின் அடியில் கிடக்கிறது. சரிகைக்காக அதை விலைக்குக் கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க அந்தப் பெண்ணுக்கு மனம் வருவதில்லை. அவள் காப்பது சரிகையையா? நெய்தவருக்கோ தாம் நெய்த சேலைகளில் ஒன்றுகூடச் சொந்தமில்லை. ஆரணி வீடுகளில் முதிய நெசவாளர்கள் கையில் வழுவழுவென்று தேய்ந்துபோன பழைய நாடாவை எடுத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தறியில் அதற்கு இனி வேலையில்லை. பரணில் துணி சுற்றி வைத்திருப்பார்கள்.

துணி சுற்றி வைத்த இன்னொரு பொருளும் நினைவுக்கு வருகிறது. கோலியாத்தின் வாளைத் தாவீது தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. அது எப்படியோ நோபு ஊர்த் திருத்தலத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சவுலுக்கு அஞ்சி ஓடிய தாவீது, பசியோடு குரு அகிமெலக்கிடம் வந்து நிற்கிறார். முதலில் அவர் கேட்டது அப்பம். அடுத்துத்தான் ஆயுதம் கேட்கிறார். ஏபோதுக்குப் பின்னால் துணியில் சுற்றியிருந்த வாளைக் குரு காட்டுகிறார். இளமையின் வெற்றிச் சின்னம், வயிற்றில் பசியும் நெஞ்சில் அச்சமுமாக நிற்கும் ஒருவனிடம், அப்பத்தோடு சேர்ந்து திரும்பி வருகிறது. விவிலியத்தில் வெற்றிச் சின்னம் ஒன்று இவ்வளவு தாழ்மையான வேளையில் வெளிப்படும் இடம் வேறில்லை. இதே தாவீது தம் தந்தையின் ஆடுகளுக்காகச் சிங்கத்தையும் கரடியையும் கொன்றவர். அவற்றின் தோலை அவர் வைத்திருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. சிம்சோனோ வெறுங்கையால் சிங்கத்தைக் கிழித்ததைப் பெற்றோரிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டார்; அதன் கூட்டிலிருந்து எடுத்த தேனை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தார், எங்கிருந்து வந்ததென்று கூறாமலே.

இந்தச் சொல்லாமை எனக்குப் புரியாமலே இருந்தது. எம் பங்கைச் சேர்ந்த ஒரு நெசவாளர் குடும்பத்தில் அது எனக்கு விளங்கிற்று.

அண்ணன் தம்பி மூவர். தந்தையார் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தாய் எண்பதைக் கடந்தவர். பழைய வீட்டை இடித்துப் பாகம் பிரிக்கும் வேளையில் தறிகளும் பாத்திரங்களும் சிக்கலின்றிப் பிரிந்தன. சுவரில் இருந்த ஒற்றை மான்கொம்பில் வந்து பேச்சு நின்றுவிட்டது. அவர்களுடைய தந்தை சவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கியால் மான் சுட்ட கதையை ஆரணியின் அந்தத் தெருவில் அறியாதவர் இல்லை. பிள்ளைகள் வளர வளர கதையும் வளர்ந்திருந்தது. முதலில் புள்ளிமான், பிறகு கடமான், கடைசியில் வழிமறித்த சிறுத்தை ஒன்றும் சேர்ந்துகொண்டது. இன்னொரு கொம்பு ஓடையில் விழுந்துவிட்டதாம். குனிந்த தலை நிமிராமல் தறிக்குழியில் வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதரின் வாழ்வில், நிமிர்ந்து நின்ற நாள் அது ஒன்றுதான் என்று மூத்தவர் நம்பியிருந்தார். மூத்த மகனுக்கே கொம்பு என்பது அவர் வாதம். இளையவருக்கோ, தந்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் தாமே என்ற உரிமை. என்னை அழைத்துப் பேசி முடிக்கச் சொன்னார்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இப்படிப்பட்ட பொருளை வீட்டில் வைத்திருத்தல் குற்றம். 2003-இல் ஏப்ரல் முதல் 180 நாள்கள், இருப்பைத் தெரிவிக்க இறுதி வாய்ப்பும் தரப்பட்டது. இவர்கள் அதை அறிந்திருக்கவில்லை. புனிதர்களின் அருளிக்கத்துக்குச் சான்றிதழ் கேட்கும், அதை விற்கக்கூடாது என்று 1190-ஆம் சட்டப்பிரிவில் விதித்திருக்கும் திருச்சபையின் பணியாளனாகிய எனக்கு, இச்சட்டத்தின் நியாயம் எளிதில் புரிந்தது. சுவரில் மாட்டும் ஆசை இருக்கும்வரை காட்டில் துப்பாக்கி ஓசையும் இருக்கும். வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பங்குமகன் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன்.

அவர் கொம்பைக் கையில் வாங்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சுட்டுக் கொன்ற மானின் கொம்பாயின் மண்டை ஓட்டின் எலும்பு ஒட்டியிருக்க வேண்டும். இல்லையேல் அறுத்த அடையாளம் இருக்க வேண்டும். இதன் அடியோ உருண்டு, சொரசொரப்பாக, ஒரு நாணயத்தைப் போல முடிந்திருந்தது. "இது உதிர்ந்த கொம்புங்க. மானே உதிர்த்துட்டுப் போனது. புள்ளிமான் ஆண்டுக்கொரு தரம் உதிர்க்கும்" என்றார் அவர், உள்நோக்கம் ஏதுமின்றி.

அந்தக் கூடத்தில் நிலவிய அமைதியை நான் எளிதில் மறக்க மாட்டேன். மூத்தவரின் முகம் வாடிவிட்டது. அறுபது வயதைத் தாண்டியவர், ஐந்து வயதுப் பிள்ளையைப் போல் தாயின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அப்பவே தெரியும் சாமி" என்றார் பாட்டி என்னிடம், மகனைப் பாராமல்.

பிறகு அவர் சொன்னது இது. அந்த ஆண்டு ஐப்பசியில் விடாத அடைமழை. குழித்தறியில் நீர் ஊறிவிட்டது, தெருவில் பாவு நீட்ட வழியில்லை, கூலி நின்றுபோயிற்று. வீட்டில் மூன்று சிறு பிள்ளைகள். கணவர் யாரிடமும் சொல்லாமல் மலையேறினார். சாமை அறுவடைக்குக் கூலியாளாகப் போனார். இழையை அன்றி வேறொன்றையும் பிடித்தறியாத கைகள், அரிவாள் பிடித்துப் புண்ணாயின. ஒன்பதாம் நாள், தலையில் ஒரு மூட்டைச் சாமையும் உடம்பில் காய்ச்சலுமாக நடந்தே வந்து சேர்ந்தார். வழியில் கிடந்த கொம்பை ஊன்றுகோலோடு சேர்த்துப் பிடித்து வந்திருந்தார். அதைக் கண்ட பிள்ளைகள், அப்பா மான் சுட்டுட்டாரு என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அவர் தடுக்கவில்லை. பட்டு நெய்பவன் கூலிக்குக் கதிர் அறுத்தான் என்று தெருவார் பேசுவதைக் காட்டிலும், வேட்டைக்குப் போனான் என்று பேசட்டுமே என்று இருந்துவிட்டார். "நானும் வாயைத் தொறக்கலை. அந்தச் சாமையைத்தான் இதுங்க மூணும் ஒரு மாசம் குடிச்சுது" என்றார்.

உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களுக்குக் காட்டியது தம் கைகளின் காயங்களை. அந்த நெசவாளரின் கைக்காயம் ஆறி மறைந்துவிட்டது. கொம்பு ஒன்றுதான் எஞ்சியது. அதுவும் வேறு கதை சொல்லிக்கொண்டு சுவரில் இருந்தது. குருமடத்தில் படித்த இறையியலில் இதற்கு ஏற்ற சொல் ஏதும் அப்போது என் நாவுக்கு வரவில்லை. நல்ல வேளை, எதுவும் பேசாமல் அமர்ந்திருந்தேன்.

இளையவர்தான் முதலில் எழுந்தார். கொம்பை வாங்கித் தம் அண்ணன் மடியில் வைத்தார். அவர் அதைத் திருப்பி, அந்தச் சொரசொரப்பான அடியை வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பாகப் பேச்சு அன்று அதற்குமேல் நடக்கவில்லை. நடத்த வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று.

கொம்பு உதிர்ந்ததா, அறுத்ததா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. மறுவாரம் மூவரும் சேர்ந்தே வனச்சரக அலுவலகத்துக்குப் போய் அதை ஒப்படைத்தார்கள். அங்கிருந்தவர்கள் மரியாதையாகப் பெற்றுக்கொண்டார்களாம். கொடுத்த சீட்டை மூத்தவர் எனக்குக் காட்டினார். புள்ளிமான் கொம்பு, எண்ணிக்கை ஒன்று, நிலை பழையது என்று எழுதியிருந்தது. அதைத் தம் தந்தையின் திருமுழுக்குச் சான்றிதழ் இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறார். பாட்டி மட்டும், சுவரில் இருந்த ஆணியைப் பிடுங்க வேண்டாம், வீடு இடிக்கும்வரை செபமாலை மாட்ட ஓர் இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.